மூன்றாவது பாட்டில் டொக் டொக்

1
இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதாதே என்று கேட்டவள்தான் ஒருத்தி இருக்கிறாள், என் அக்கா. சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். முதல் வரியை ஐந்து முறை எழுதி அடித்தாயிற்று. சாம்பிளுக்கு ஒன்று: "மலைப்பாதையில் அந்த பைக் ஒரு கிழட்டுச் சிங்கத்தைப் போல உறுமிக்கொண்டு..." சிங்கமாவது ஒன்றாவது. இருபது வருஷத்து வண்டி அது. இருமும், அவ்வளவுதான்.

2
அக்காவின் கணவர், அதாவது அத்தான், பைக் மெக்கானிக். வண்டி தெருமுனை திரும்பும்போதே கடைக்குள் இருந்தபடி அதன் வியாதியைச் சொல்லிவிடுவார். ஸ்பேனரெல்லாம் அப்புறம்தான், முதலில் காது.

வருஷத்துக்கு ஒரு முறை கடையைப் பூட்டிவிட்டு, அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பத்து நாள் ஊர் சுற்றுவார். அதற்கென்று ஒரு பாட்டு வரிசை உண்டு: நேர்ச்சாலைக்கு ராக், மலையேற்றத்துக்கு ப்ளூஸ். மாற்றிப் போட்டால் இன்ஜின் கோபித்துக்கொள்ளுமாம். [மறுத்துப் பேசிப் பாருங்கள், உங்கள் பொழுது போய்விடும்.] இன்னொரு சட்டமும் வைத்திருக்கிறார்: பாதியில் நின்ற பாட்டை முதலிலிருந்துதான் கேட்க வேண்டும். இந்தப் பிடிவாதம் இல்லையென்றால் எனக்குக் கதையே இல்லை.

3
இந்த வருஷம் அக்கா, உள்ளே ஸ்பீக்கர் வைத்த ஹெல்மெட் இரண்டு வாங்கினாள். இருவருக்கும் ஒரே பாட்டு கேட்கும். மலை ஏறும்போது, மூன்றாவது பாட்டின் நடுவில் அத்தான் வண்டியை ஓரங்கட்டினார்.

"டொக் டொக்னு தட்டுது. வால்வு பக்கம்."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலையே."

பாட்டை நிறுத்தினார், இன்ஜினைத் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கிளப்பிப் பார்த்தால் சத்தமும் இல்லை. ஏறி உட்கார்ந்து பாட்டை முதலிலிருந்து போட்டார். நாலாவது நிமிஷம் மறுபடி டொக் டொக். இப்படி மூன்று தடவை இறங்கி, சூடான இன்ஜினில் விரலைச் சுட்டுக்கொண்டார்.

மூன்றாவது தடவைதான் அக்காவுக்குப் புரிந்தது. தட்டியது இன்ஜின் இல்லை, பாடுகிறவர். அந்த ப்ளூஸ்காரர் காலால் மரத்தரையில் தாளம் போடுகிறார்.*

அத்தானுக்குப் பாட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. தன் காதைச் சந்தேகப்பட்டார்.

"இல்லாத சத்தம் கேக்குது. காது போச்சு," என்றார், மைல்கல்லில் உட்கார்ந்து. "இனி கடை எதுக்கு? வித்துட்டு மக ஊருக்கே போயிடலாம்."

ஆறு வருஷமாக அக்கா கெஞ்சிக் கேட்டது அதைத்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

(* இதுவரை வண்டியில் ஓடிய பழைய கேசட்டில் இருபது வருஷமாகக் கேட்காத கால் சத்தம், புது ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது. வாங்கிக் கொடுத்தது யார் என்று மறக்க வேண்டாம்.)

4
முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எழுதிக் காட்டினேன். "நான்தான் சொல்லலையேடா," என்றாள்.

முடிவு ஆ: அவராகவே கண்டுபிடிக்கிறார். அதற்கு அவர் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். மனுஷன் அன்றோடு பாட்டையே விட்டுவிட்டார்.

முடிவு இ: நான் போய் அத்தானிடம்

இதற்குள் அக்கா அழுதுவிட்டாள். "பேத்தி வளர்றத போட்டோவுலயே பாத்துட்டிருக்கணுமா? காது நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சா சாகுறவரைக்கும் அந்தக் கடைதான்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்து தொலைக்கிறது. அதற்காக, நல்ல காதைக் கெட்டுப்போனதென்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷன் மிச்ச காலத்தைக் கழிப்பதா? எனக்கு இருவர் மேலும் எரிச்சல், என் மேல் இன்னும் அதிகம்.

5
நாளை கடை கைமாறுகிறது. இன்று அவர்கள் வீட்டுக்குப் போய் என் பைக்கை நிறுத்தினேன். உள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது.

"செயின் தொய்ஞ்சு கிடக்கு மாப்ளே." உடனே குரல் தணிந்தது. "இல்ல, அதுவும் என் காதுதானா?"

குனிந்து பார்த்தேன். தொய்ந்துதான் கிடந்தது.

வெளியே வந்தவர் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். "அந்த மூணாவது பாட்டு வச்சிருக்கியா? கடைசியா ஒருதரம் கேட்டுக்கறேன்."

வைத்திருக்கிறேன். இங்கே எந்த இன்ஜினும் ஓடவில்லை. நாலாவது நிமிஷத்தில் அந்தக் கால் தட்டத்தான் போகிறது. அவர் கை நீட்டியபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் அக்கா, என்னையே பார்த்துக்கொண்டு.

என்னால் ஆகாது. வாசகரே, இந்தாருங்கள் போன். நீங்களாச்சு, அவர்களாச்சு.