ஆரஞ்சுப் பழம் யார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்தது இல்லை. மூன்றாம் வகுப்பு டீச்சரான என் அக்கா, தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னது. சொல்லி முடித்ததும் மிரட்டினாள்.

"எழுதிக்கோ. ஆனா எந்தப் புள்ள, எந்த ஸ்கூல்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சுது, தொலைச்சிருவேன்."

ஆகவே முதல் வரி: மஞ்சள் பூசிய மூன்று மாடிக் கட்டடத்தின்

(அடித்தாயிற்று. நிறத்தையே சொல்லக்கூடாதாம். வாதாடிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.)

2

ஒரு வகுப்பறை. இருபத்து நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு தொட்டி, தொட்டிக்கொரு அவரைச் செடி. செடி வளர வளரப் படம் எடுத்து, பெற்றோர் பார்க்கும் இணைய ஆல்பத்தில் டீச்சர் போட வேண்டும். அனுமதி கேட்டுப் படிவம் அனுப்பினாள். இருபத்து மூன்று பேர் 'சரி'. ஒரு அம்மா மட்டும் 'வேண்டாம்' போட்டு, நேரிலும் வந்துவிட்டாள்.

"பெத்தவங்க மட்டும்தாங்க பாப்பாங்க."

"பாத்துட்டுச் சும்மா இருப்பாங்களா டீச்சர்? மாமா, சித்தப்பான்னு அனுப்புவாங்க. நாங்க இங்க இருக்கறது ஒருத்தருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மறுபடி வீடு மாறணும், இவ மறுபடி ஸ்கூல் மாறணும். இதோட மூணு ஸ்கூல் ஆச்சு."

டீச்சர் படிவத்தை மடித்து மேசைக்குள் வைத்தாள்.

(யாருக்குப் பயந்து இப்படி மாறுகிறார்கள் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நமக்கெதற்கு அது? 'இவ' என்பதையும் ரொம்ப நம்ப வேண்டாம், பையனாகவும் இருக்கலாம்.)

3

அந்தப் பிள்ளையோ தினமும் வந்து நிற்கும். "என் செடி ஆல்பத்துல வருமா டீச்சர்?"

மனசு கேட்காமல் டீச்சர் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அந்த ஒரு முகத்தின் மேல் மட்டும் ஆரஞ்சுப் பழ ஸ்டிக்கர் ஒட்டி ஆல்பத்தில் போட்டாள். என்னே என் மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

பத்தே நிமிடம். ஆல்பத்தின் கீழே பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஆரஞ்சுப் பழம் யாரு டீச்சர்?"

"ஷூவப் பாத்தா புதுசா சேர்ந்த புள்ள மாதிரி இருக்கே?"

ஒரு அப்பா பெரிதாக்கிப் பார்த்து, வட்டம் வேறு போட்டு அனுப்பியிருந்தார். மற்ற இருபத்து மூன்று முகங்களை ஒருத்தரும் சீந்தவில்லை. டீச்சர் அலறிப் புடைத்துப் படத்தை அழித்தாள்.

மறுநாள் பிள்ளை கேட்டது. "நான் மட்டும் ஏன் டீச்சர் பழம்?"

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

4

அடுத்த படம். எல்லோரும் தொட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரே கும்மாளம், பாதிப் பேர் மூக்கில் மண். யாரும் தனியாகத் தெரியவில்லை. பொத்தானை அழுத்தப் போன டீச்சரின் விரல் அப்படியே நின்றது.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு. முழுப்பெயர், வகுப்பு, பள்ளி. அவளே குண்டு குண்டாக எழுதி ஒட்டியது.

"அடிப்பாவி, நானே போஸ்டர் அடிச்சு ஒட்டிருக்கேனே!"

சீட்டுகள் கிழிந்தன. செடிகளுக்குப் பிள்ளைகளே பட்டப்பெயர் வைத்தார்கள்: ஒல்லிப்பிச்சான், தூங்குமூஞ்சி, சண்டியர், பெரியப்பா. மறுபடி ஒரு படம். இந்தமுறை ஆல்பத்தில் போடுவதற்கு முன்பே அந்த அம்மாவை வரச்சொல்லிக் காட்டினாள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு தொட்டியின் மேல் விரலை வைத்தாள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அதச் சொன்னா எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்களே டீச்சர்!" சிரித்தாள். அவள் சிரித்து டீச்சர் பார்த்ததே இல்லை. "போட்டுருங்க."

போட்டதும் ஆல்பத்தில் ஒரே ரகளை.

"ஒல்லிப்பிச்சானுக்குப் பின்னாடி தெரியறது என் பையன் காது!"

"இல்லைங்க, அது எங்க பரம்பரைக் காது!"

5

முடிவுக்கு மூன்று யோசனை வைத்திருந்தேன். மூன்றிலும் அந்தத் தொட்டி எதுவென்று தெரிந்துவிடுகிறது. அக்கா மூன்றையும் அடித்துவிட்டு, ஒரே ஒரு வரி மட்டும் எழுத விட்டாள்: பிள்ளை இன்னும் ஸ்கூல் மாறவில்லை.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதுவென்று கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றினால், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும், வட்டம் மட்டும் போடாதீர்கள்.