மரத்தடியும் மேய்ச்சல் நிலம்தான்

மேய்ச்சல் நிலத்தில் மரம் அதிகமாக நின்றால் அது காடு. காட்டுக்கு மானியம் கிடையாது. ஐரோப்பாவுக்கே சட்டம் போடும் பிரஸ்ஸல்ஸின் விதி. அதை எங்கள் சாரெமா தீவில் அமல்படுத்தும் பாவப்பட்ட அதிகாரி நான். கோடை முழுக்கச் சாணியை மிதித்துக்கொண்டு மரம் எண்ணுவதுதான் என் உத்தியோகம். எஸ்டோனியர்கள் நாங்கள் சட்டம் என்றால் ஒரு படி மேலேயே போவோம். எல்லாரும் ரம்பத்தைத் தூக்கினார்கள். மாடு வளர்க்கும் டார்வோ தன் நிலத்தை மொட்டையடித்தே விட்டான்.

பக்கத்து நிலத்து ஹெல்வே மட்டும் ஓர் ஓக் மரத்தைக்கூடத் தொடவில்லை. மானியம் நின்றது. பல வருஷம் சமாளித்த பிறகு, அடுத்த வசந்தம் வரை பார்ப்பது, பிறகு மாடுகளை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"இது காடுன்னா, இங்க மேயறது என்ன கரடியா, ஆபீசரே?" என்று கேட்பாள்.

மரம்தான் போகிறது, புல் கூடவில்லை என்று ஆண்டுதோறும் மேலிடத்துக்கு எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான்.

போன கோடையில் விதியைத் திருத்தும் பேச்சு வந்தது. அந்த விதி நடைமுறையில் என்ன செய்தது என்று பார்க்க பிரஸ்ஸல்ஸிலிருந்து இனேஸ் என்ற அதிகாரி வந்தார். வேண்டுமென்றே உச்சிவெயிலில் டார்வோவின் நிலத்துக்கு அழைத்துப் போனேன். விதிப்படி அப்பழுக்கில்லாத நிலம். புல் கருகிக் கிடந்தது. ஒரு மாட்டையும் காணோம்.

"மாடெல்லாம் எங்கே?" என்று கேட்டார் இனேஸ்.

டார்வோ முகம் சிவக்க ஹெல்வேயின் ஓக் மரங்களைக் காட்டினான். வேலியை முறித்துக்கொண்டு அவனுடைய மாடுகள் அத்தனையும் அங்கே பச்சைப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் தாங்காமல் நாங்களும் அங்கேயே ஓடினோம்.

"வாங்க, வாங்க. காட்டுக்குள்ள வந்துட்டீங்க, கரடி இருக்கும், பாத்து!" என்று ஹெல்வே மோரில் மாவு கரைத்த கமாவை நீட்டினாள்.

நான் மொழிபெயர்த்ததும் இனேஸுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் அமல்படுத்தினவர் நீங்கதானே? திருத்தத்தை நீங்களே எழுதிக் கொடுங்க."

அந்த மரத்தடியிலேயே எழுதினேன்: 'மரத்தடியில் புல் இருந்து, அதில் மாடு மேய்ந்தால், அது மேய்ச்சல் நிலம்.'

வசந்தத்தில் அது விதியாகிவிட்டது. சட்டம் படித்தவர்கள் முன்னும் பின்னும் ஏதேதோ சேர்த்திருந்தார்கள். நடுவில் என் வரி அப்படியே இருந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஹெல்வேயிடம் ஓடி, மூச்சு வாங்க வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கியது. சட்டென்று திரும்பித் தன் கிழட்டுப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏய் மாசிக், கேட்டியாடி? நீ இத்தனை வருஷமா தின்னது புல்லுதானாம்!"