பதினாலாவது ஆள்

"டேமோவைத் தூக்கிடு, ரெக்ஸ். உன் புள்ளைன்னு பார்த்துக்கிட்டிருந்தா டீம் உருப்படாது."

இதைச் சொன்ன மோரீன் டக்கெட்டின் கையில் கரண்டி இருந்தது. சொல்லி முடித்த வேகத்தில் ரெக்ஸ் லிண்ட்னரின் தட்டில் உருளைக்கிழங்கு மசியல் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. வியாழக்கிழமை மாலை. பயிற்சி முடித்த ஆட்டக்காரர்கள் பின்கட்டில் இருக்கிற கொஞ்சம் வெந்நீருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கிளப் கூடத்தில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர் என்றால் பள்ளிக்கூடம் மூடி, வங்கி மூடி, போன வருடம் இறைச்சிக் கடையும் மூடிவிட்ட டாரவில். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனாலும் வியாழக்கிழமை சாப்பாட்டுக்கும், சாப்பாட்டுக்குப் பின் படிக்கப்படும் சனிக்கிழமை அணிக்கும் இன்னும் ஒரு கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த அத்தனை பேருக்கும் அணியைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். தெரியாத ஒரே ஆள், முப்பது வருடமாகத் தேர்வுக் குழுத் தலைவராக இருக்கும் ரெக்ஸ்தான் என்பது அவர்களுடைய பொது அபிப்பிராயம்.

"ஆறு வாரமா ஒரு கோல் கிடையாது," என்றார் ஸ்னோ ஹார்ட்டிகன். இருபது வயதிலேயே தலை வெளுத்துவிட்டதால் வந்த பெயர். இப்போது எண்பதை நெருங்குகிறார், தலைக்கும் பெயருக்கும் பொருத்தம் சரியாகிவிட்டது. "பந்து நேரா மூஞ்சிக்கு வருது. இவன் ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். அப்படி அந்த ரோட்டுல என்னதான்யா இருக்கு?"

"ஃபார்ம் போறதும் வர்றதும் இருக்கிறதுதான்," என்றார் ரெக்ஸ்.

"போனது தெரியுது. வர்ற தேதியைச் சொல்லு, அன்னைக்கு மட்டும் வந்து பார்த்துக்கறேன்," என்றார் மோரீன்.

"அவனைத் தூக்கிட்டு யாரைப் போடுறது?"

"ஏன், மிட்ச் இல்லையா?"

"மிட்ச்சுக்கு முட்டியில ஆபரேஷன்."

"அப்ப ராபி."

"ராபி மேற்கே சுரங்க வேலைக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு, மோரீன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்தப் பய!" என்று மோரீன் கரண்டியைக் கீழே வைத்தார். ராபிக்கு முதல் ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் துக்கம் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. அதற்குள் ஸ்னோ, பின்வரிசையிலிருந்து ஒருவனை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். கொண்டுவந்தால் பின்னால் ஓட்டையாகிவிடும் என்று இன்னொரு மேசையிலிருந்து ஒரு குரல். நடுவில் ஆடுகிறவனுக்கு வேகம் போதாது என்று வேறொருவர். ஊரில் இரண்டு அணிக்கு ஆள் இருந்து, அண்ணனும் தம்பியும் ஒரே இடத்துக்குப் போட்டிபோட்ட காலத்தில் பழகிய வாய்கள். ஆள் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. வெறுங்கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெக்ஸ் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனதுக்குள் ஆள் எண்ணினார். ஊர் ஃபுட்டி என்று கூப்பிடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, பந்தைக் கையாலும் பிடிக்கலாம், பதினெட்டுப் பேர் இறங்க வேண்டிய ஆட்டம் இது. குறைந்தது பதினாலு பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது, எதிராளிக்கு வெற்றியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டாரவில் இந்த வருடம் ஒருமுறை அப்படிப் போயாகிவிட்டது. இன்னொருமுறை போனால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று லீக்காரர்கள் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள். மதியம் முழுக்க அவர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுப் பார்த்தார். ஒருவனுக்கு விதைப்பு முடியவில்லை, ஒருவனுக்குத் தோள், ஒருவன் போனையே எடுக்கவில்லை. ஊர் டேமோ என்று கூப்பிடும் மகன் டேமியனையும் சேர்த்தால் பதினாலு. அது அவருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும்தான் தெரியும்.

டேமியன் காலையிலேயே கேட்டுவிட்டான். கொட்டகையில் விதைக்கும் எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன் வெளியே வராமலே பேசினான். முகம் தெரியாத இடத்திலிருந்துதான் அவனுக்குப் பேச்சு வரும்.

"அப்பா, சனிக்கிழமை என்னை எடுக்காத."

"ஏன், எங்கயாச்சும் அடிபட்டிருக்கா?"

"அடியெல்லாம் இல்ல. பிப்பாவைப் பார்க்கப் போகணும். ஜெம்மா சனிக்கிழமை மட்டும்தான் விடுறா, உனக்குத் தெரியும். நான் சனிக்கிழமை எங்க நிக்கிறேன்னும் தெரியும்."

மனைவி ஜெம்மா குழந்தை பிப்பாவோடு அவனைப் பிரிந்து பெண்டிகோவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. காரில் மூன்று மணி நேரம். எந்திரத்துக்கு அடியில் திருகுசாவி ஒருமுறை சுற்றிவிட்டு நின்றது.

"போன வாரம் போன்ல முகத்தைப் பார்த்துப் பேசலாம்னு கூப்பிட்டேன். அவ சோபாவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டா. யாரு கூப்பிடுறாங்க சொல்லுன்னு ஜெம்மா கேக்குறா. அந்த ஃபுட்டி ஆளுங்குது புள்ள."

நாலு வயதுப் பேத்தி சொன்னதாக வேறு யாராவது சொல்லியிருந்தால் ரெக்ஸ் சிரித்திருப்பார்.

"நீயே வரலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"மோரீன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால ஆகாதுப்பா. ஸ்னோ அழுதுருவார். நீ தூக்கினா, ஃபார்ம் இல்ல, தூக்கிட்டாங்கன்னு போயிடும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ சித்தப்பாவையே தூக்கின ஆளு."

அதுதான் உண்மை, அதுதான் சங்கடம். ரெக்ஸ் ஆட்டக்காரனாக, அணித் தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்த காலத்தில், இறுதி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை, இதே கூடத்தில், கூடப் பிறந்த தம்பி நோயலின் பெயரைப் படிக்காமல் விட்டார். நோயலுக்கு அப்போது ஃபார்ம் இல்லை. டாரவில் ஜெயித்தது. கோப்பை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பக்கத்தில் நோயல் இல்லாத புகைப்படமும் இருக்கிறது. ரெக்ஸ் லிண்ட்னர் என்றால் தராசு என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நோயல் குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. தராசாக இருப்பதில் ஒரு கெத்து இருந்தது என்பதை ரெக்ஸ் மறுக்கமாட்டார். தம்பியைவிட அந்தக் கெத்து பெரியதாக இருந்த காலம் அது. அப்போது வெளியே உட்கார்ந்து காத்திருக்க இருபது பேர் இருந்தார்கள். நியாயமாக இருப்பதற்கும் கையில் ஆள் வேண்டும்.

பயிற்சியாளர் கையைத் தட்டிச் சத்தத்தை அடக்கினார். ரெக்ஸ் எழுந்தார். ஈரத்தலையோடு பையன்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கடைசி மேசையில் டேமியன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து படித்துக்கொண்டு முன்னால் வருவதுதான் வழக்கம், அதனால் கோல் போடுகிறவனின் இடமான கோல் முகப்பு கடைசியில்தான் வரும். ரெக்ஸ் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். நடுவில் யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்து, நானும் வரேன், ரெக்ஸ், என்று சொல்லமாட்டானா என்று ஒரு நப்பாசை. கதவு திறக்கவில்லை.

"கோல் முகப்பு, டேமியன் லிண்ட்னர்."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. "ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை," என்று யாரோ முணுமுணுத்தார்கள். மோரீன் முணுமுணுக்கிற ரகமில்லை.

"நோயலைத் தூக்கின கை, இப்ப மட்டும் ஏன் நடுங்குது?"

பதினாலு பேர்தான் இருக்கோம், மோரீன், என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் இந்தக் கூடம் இன்றைக்கே இடிந்துவிடும் போல அவருக்கு இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டேமியன் தலை நிமிரவில்லை. தட்டில் இருந்த சாஸேஜைச் சின்னச் சின்னத் துண்டாக, குழந்தைக்கு நறுக்குவதுபோல நறுக்கிக்கொண்டே இருந்தான். நறுக்கி முடித்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனான்.

வாசலில் ரெக்ஸ் அவனைப் பிடித்தார். "அடுத்த வாரம் கண்டிப்பா பார்த்துடலாம்டா."

"அடுத்த வாரம் மட்டும் யாருப்பா வரப்போறா?" என்றான் டேமியன். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

சனிக்கிழமை எதிரணியான லேக் மோர்டன்காரர்கள் பதினெட்டுப் பேரும் மாற்றாட்டக்காரர்களும் தண்ணீர் கொடுக்கிற ஆட்களுமாகப் படையோடு வந்து இறங்கினார்கள். மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலியில் மூக்கை இடித்துக்கொண்டு கார்கள் நின்றன. குளிருக்கு யாரும் கீழே இறங்குவதில்லை. நம்மவன் கோல் போட்டால் ஹாரன் அடிப்பது, இல்லாவிட்டால் கண்ணாடியை இறக்கித் திட்டுவது. ரெக்ஸின் பழைய பிக்கப் வண்டிக்கு ரோட்டோரக் கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் நிரந்தர இடம். அடுத்தது மோரீனின் கார், உள்ளே பிளாஸ்க்கோடு ஸ்னோ.

கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது, கோலுக்கு ஆறு புள்ளி என்ற கணக்கில், லேக் மோர்டன் நூறு புள்ளிக்கு மேல் முன்னால் போயிருந்தது. டாரவில் பக்கம் ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை. ஆட்டம் முழுக்க எதிர்ப்பக்கத்திலேயே நடந்தது. டேமியனைக் காவல் காக்க வேண்டியவனே வேலையில்லை என்று முன்னால் போய்விட்டான். இந்தப் பக்கத்துக் கம்பங்களுக்கு முன்னால் டேமியன் மட்டும், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றான்.

"பாரு, பாரு, அவன் நிக்கிற அழகை," என்றார் மோரீன். "அடுத்த வாரமாவது தூக்கு."

"தூக்கறேன்," என்றார் ரெக்ஸ். சொன்ன பிறகு, உண்மையாகவே தூக்கிவிடலாம் என்று பட்டது. பதின்மூன்று பேரோடு நின்று ஆட்டத்தைக் கைவிட்டால், லீக்காரர்கள் பெயரை எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை நாள்தான் இதைக் கட்டி இழுப்பது? அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் ஏதோ இளகியது. வியாழக்கிழமைக்குப் பின் முதல்முறையாக அவர் நன்றாக மூச்சு விட்டார்.

அந்தக் கால்பகுதியின் நடுவில் காற்று திரும்பியது. யாரோ குருட்டாம்போக்கில் உதைத்த பந்து உயரமாக இந்தப் பக்கம் வந்தது. காவல்காரன் தலைதெறிக்க ஓடி வந்தான். டேமியன் அவன் தோளில் முட்டியை ஊன்றி எழும்பி, விரல் நுனியில் பந்தைப் பிடித்தான். இரண்டு எட்டு, ஒரு உதை. நடுக்கம்பங்களுக்கு நடுவே பறந்தது. மைதானம் முழுக்க ஹாரன் அலறியது. அடங்குவதற்குள் இன்னொரு பந்து, இன்னொரு கோல். மூன்றாவதை ஒரு கையாலேயே பிடித்தான். கோல் போடுகிறவன் முகமா அது? யாரையோ அடிப்பதுபோல உதைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சு! ரெக்ஸ், வந்துருச்சுடா!" மோரீன் குளிரையும் மறந்து காரை விட்டு இறங்கி, பிக்கப்பின் கூரையைத் தட்டினார். "நீ சொன்ன மாதிரியே ஃபார்ம் வந்துருச்சு! நான் வாயைக் கழுவிக்கறேன்."

"இனிமே சீசன் முடியற வரைக்கும் இவன் மேல எவனும் கை வைக்க முடியாது," என்றார் ஸ்னோ. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "டேமோ இருக்கான்னு தெரிஞ்சா, போன பயலுக ரெண்டு பேராச்சும் திரும்பி வருவானுங்க. நீ வேணா பாரு."

ரெக்ஸ் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். எப்போது கை போனது என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வாரம் எல்லோர் வாயிலும் விழுந்த பிள்ளை, அவன் கையில் பந்து ஒட்டிக்கொள்கிறதே என்று பெற்ற மனசு குளிரத்தான் செய்தது. அப்புறம்தான் ஸ்னோ சொன்னது உறைத்தது. அடுத்த வியாழக்கிழமை எந்த வாயால் இவனைத் தூக்குவது? ஃபார்ம் இல்லை என்று ஒரு கதவு இருந்தது. அதையும் அவனே உதைத்துச் சாத்திவிட்டான்.

நாலாவது கோல் கம்பங்களைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் முளைவிட்டிருந்த கோதுமை வயலுக்குள் போய் விழுந்தது. முன்பெல்லாம் பந்து பொறுக்க ஒரு பட்டாளமே முண்டியடிக்கும். இப்போது ஊரில் குழந்தைகளே இல்லை. மாற்றுப் பந்து முதல் பாதியிலேயே முள்கம்பியில் கிழிந்துவிட்டது. டேமியன் தானே வேலி ஏறிக் குதித்து, ஈர மண்ணில் நடந்து போனான். ஹாரன்கள் அவனுக்குப் பின்னால் கொண்டாடிக்கொண்டிருந்தன.

பந்தை எடுத்தான். திரும்பவில்லை. இன்னும் நாலு எட்டு, ரோட்டை நோக்கி வைத்து, நின்றான். பெண்டிகோ இருக்கிற தெற்குப் பக்கம் போகிற லாரி ஒன்று அவனைத் தாண்டிப் போயிற்று. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மைதானத்தின் நடுவில் நடுவர் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார், மற்ற முப்பத்தொரு ஆட்டக்காரர்களும் காத்திருந்தார்கள்.

யாரோ ஒரு ஹாரனைச் சின்னதாக அடித்தார்கள். வா, என்கிற மாதிரி. அவன் அசையவில்லை. இன்னொரு கார் அடித்தது, கொஞ்சம் நீளமாக. பிறகு சுற்றி நின்ற எல்லாக் கார்களும் அடிக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் முன்னால் அவனைக் கொண்டாடிய அதே சத்தம்.

"என்ன பண்றான் அங்க?" மோரீன் குனிந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார். "நீ அடி, ரெக்ஸ். உன் ஹாரன்னா திரும்புவான்."

திரும்புவான். சின்ன வயதில் எந்த வயலில் எந்த மூலையில் இருந்தாலும், இந்த வண்டியின் ஹாரன் கேட்டால் ஓடிவந்துவிடுவான். ரெக்ஸின் உள்ளங்கை ஹாரன்மேல் இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கண்ணாடியில் அவருடைய மூச்சு புகையாகப் படிந்து, பச்சை வயலும், அதற்கப்பால் ரோடும், நடுவில் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறவனும், எல்லாமே மங்கிக்கொண்டே போயிற்று. அவர் துடைக்கவில்லை.