கிறிஸ்துமஸ் தாத்தாவின் குரல்

சீனாவின் மியென்யாங் நகரில் எங்கள் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளிக்குக் கசோண்டே வந்து மூன்று வருடமாகியிருந்தது. ஸாம்பியாக்காரர். பிள்ளைகளுக்கு அவர் 'கா சார்'. நான் வரவேற்பு மேசையில் இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு விடுமுறை கிடையாது, விழா மட்டும் உண்டு. வேடிக்கை பார்க்க வரும் பெற்றோரில் பாதிப்பேர் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்த வருடம் நாடகத்தைக் கசோண்டேதான் எழுதினார். ஊரில் அவருடைய அப்பா தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். அந்தப் பாட்டுகளைக் குளிர் தொடங்கியதிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா வேடம் தனக்குத்தான் என்று நினைத்து, சிவப்பு உடையைத் தோளில் இறுக்குகிறதென்று பிரித்துத் தைக்கவும் கொடுத்திருந்தார்.

விழாவன்று மதியம், கசோண்டே அந்த உடையும் தாடியும் மாட்டி நிற்கையில், முதல்வர் பாங் அம்மாள் ஒரு வெள்ளைக்காரனோடு வந்தார். பெயர் ஒலெக். மால்டோவாவிலிருந்து வந்து, ஆற்றங்கரையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"கா சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் பாங் அம்மாள். "பெத்தவங்க மனசுல தாத்தான்னா ஒரு முகம் இருக்கு. நான் என்ன பண்றது?"

"தாடிக்கு மேல முகத்துல கொஞ்சம் மாவு பூசிக்கவா மேடம்?"

அந்த அம்மாள் சிரித்தார். கசோண்டே சிரிக்கவில்லை.

ஒலெக்குக்கு வசனம் பேச வராது. அதனால் கசோண்டே திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேச வேண்டும், ஒலெக் வாயசைப்பான் என்று ஏற்பாடு. முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பாங் அம்மாள். அதைவிட, பிள்ளைகள் ஏற்கெனவே இறக்கை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் உடையைக் கழற்றிக் கொடுத்தார். தைத்துப் பெரிதாக்கிய தோள் ஒலெக்குக்குக் கச்சிதமாக இருந்தது.

அரங்கம் நிரம்பிவிட்டது. தாத்தா மேடையேறியதும் கைபேசிகள் உயர்ந்தன. கசோண்டேயின் கனத்த குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மேடையில் முதல் வரிசையில் தேவதையாக நின்ற தோங்தோங், ஆறு வயது, சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தத் தாத்தா எங்க கா சாரை முழுங்கிட்டாரு. உள்ளேருந்து பேசுறாரு பாருங்க."

அரங்கமே சிரித்தது. அவளுடைய அம்மாவும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். திரைக்குப் பக்கத்தில் நின்ற நான் கசோண்டேயைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மைக்கை வாயருகே இழுத்தார். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, சந்தையில் கீரை விற்பவர்கள் பேசுகிற அதே சிச்சுவான் பேச்சில், நிதானமாகச் சொன்னார்:

"தோங்தோங், என்னை யாரும் முழுங்கலம்மா. நான் திரைக்குப் பின்னாலதான் நிக்கிறேன். இந்த நாடகத்தை எழுதினது நான். இது என்னோட பண்டிகை."

ஒலெக்குக்கு ஒன்றும் புரியவில்லை, பழக்கதோஷத்தில் வாயை அசைத்துக்கொண்டிருந்தான். பாங் அம்மாள் மேடைக்கு ஓடினார்.

"பார்த்தீங்களா? எங்க வெளிநாட்டு ஆசிரியர் நம்ம பேச்சை எவ்வளவு அழகாப் பேசுறாரு! பலமா ஒரு கைதட்டல்!"

கூரை அதிரக் கை தட்டினார்கள். ஒலெக் குனிந்து வணங்கினான். பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவனோடு படமெடுக்க மேடையேறினார்கள். தோங்தோங் மட்டும் திரையைப் பார்த்துக் கை காட்டினாள், அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி ஒலெக்கின் தாடியில் வைத்தாள்.

மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாட்டு இன்னும் பாக்கி இருந்தது. கசோண்டே திரைக்குப் பின்னாலேயே நின்று, அவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் தாளத்துக்குக் கையசைத்து, முடியும்வரை நடத்தினார். ஒரு பிள்ளையும் ஓரிடத்திலும் பிசகவில்லை.

பிறகு நாங்கள் இருவரும் எதிர்க் கடையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். நான் சமாதானமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"விடுங்க. உங்க மேலயா கோபம்?" என்றார்.

அப்போது அவருடைய அம்மா கைபேசியில் அழைத்தார். அங்கே நண்பகல், பின்னால் ஒரே ஆரவாரம். இருவரும் அவர்கள் மொழியில் வெகுநேரம் பேசினார்கள். கசோண்டே குரலை உயர்த்திக் கலகலவென்று சிரித்தார். என்ன கேட்டார்கள் என்றேன்.

"கோயிலுக்குப் போனியான்னு கேட்டாங்க. போனேன், கூட்டம்னா கூட்டம், என்னையே முன்னால நிக்க வெச்சுப் பாடச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

அதற்குள் நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது. அவர் அதில் மிளகாய் எண்ணெயை அள்ளி ஊற்றினார். கண்ணிலிருந்து வழிந்ததற்கு அந்தக் காரத்தைக் காரணம் சொன்னார்.