இணைப்பு: சூரிச்

அண்ணா இறந்து நாற்பத்தொரு மணித்தியாலம் ஆகியிருந்தது. சூரிச்சில், பனி விழுந்த வீதியில், கார் விபத்து. கிளிநொச்சி வீட்டில் அது தெரிந்தவர்கள் நானும் சித்தப்பாவும் மட்டும்.

"வியாழக்கிழமை அம்மாவின்ர ஒப்பரேசன் முடியட்டும்," என்றார் சித்தப்பா. "இப்ப சொன்னா அவாவின்ர இதயம் தாங்காது. அண்ணன் ரஜிதன் கதைக்கேல்லை எண்டு சாப்பிடாமலும் கிடக்கிறா. நீ வாய் திறக்காத, பிள்ளை. அவன் எழுதுற மாதிரி நாலு வரி போட்டுவிடு."

அண்ணா அம்மாவோடு கதைக்கும் கணக்கின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவருக்கு அதைத் திறந்து கொடுத்ததே நான். ஆனால் என் மடிகணினியிலிருந்து நுழைய அது விடவில்லை. வழக்கமில்லாத நாடு என்றது.

வீபிஎன் மென்பொருளை இறக்கி நிறுவினேன். அது கணினியை வேறொரு நாட்டில் இருப்பதாகக் காட்டும். பட்டியலில் சுவிற்சர்லாந்து, அதற்குள் சூரிச். அழுத்தினேன். சிறிய பூட்டுப் படம் பச்சையானது. வெளியே வெயில் எரித்தது. திரையின் மூலையில் வெப்பநிலை முப்பத்தொரு பாகையிலிருந்து இரண்டு பாகைக்கு இறங்கியது.

மறுபடி நுழைந்தேன்.

'இது நீங்களா?' என்று கேட்டது.

'நான்தான்' என்பதை அழுத்தினேன்.

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "பிள்ளை, அண்ணா வந்திட்டான். பேருக்குப் பக்கத்தில பச்சை எரியுது."

உடனே மடிகணினி ஒலித்தது. திரை நிறைய அம்மாவின் படம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கைபேசியில் அழைப்புப் போகும் சத்தமும் கேட்டது. துண்டித்துவிட்டு எழுதினேன்: 'வேலையில நிக்கிறன் அம்மா. சுகமோ.'

"கட் பண்ணிப்போட்டுச் சுகமோவாம். துரைக்கு வேலையாம்," என்று அம்மா சிரித்தார். பிறகு கோப்பையில் சோறு போடும் சத்தம். இரண்டு நாட்களின் பின் அம்மா சாப்பிட்டார்.

'இங்க சரியான குளிர் அம்மா. கை விறைக்குது' என்று எழுதினேன். அதை எழுத நான் நினைத்திருக்கவில்லை. என் விரல்கள் விறைத்துத்தான் இருந்தன.

அம்மாவின் பதில் வந்தது. 'தம்பி, எனக்கு ஒப்பரேசனுக்குப் பயமாக்கிடக்கு. நீ வாறியோ.'

"வாறன் எண்டு போடு," என்றார் சித்தப்பா, என் தோளுக்குப் பின்னால் நின்று.

போட்டேன்.

அம்மா போய் அண்ணாவின் அறைக் கதவைத் திறந்தார். மின்விசிறி சுழன்றது. "பிள்ளை, வந்து பெட்சீற்றின்ர இந்தத் தொங்கலைப் பிடி."

போய்ப் பிடித்தேன். சித்தப்பா வாசலில் வந்து நின்றார்.

"ஆசுப்பத்திரிக்குச் சொல்லிப்போடுங்கோ தம்பி," என்றார் அம்மா அவரிடம். "வியாழக்கிழமை நான் வரமாட்டன். அவன் வந்து இறங்கினாப் பிறகுதான். அதுவரைக்கும் ஆரும் என்னை அசைக்க ஏலாது."

"அண்ணி, டொக்டர் பிந்தக்கூடாது எண்டவர்."

"பிந்தினால் பிந்தட்டும். பிள்ளை வாறன் எண்டிட்டான்."

அம்மாவின் கைபேசி மெத்தையில் கிடந்தது. நான் இங்கே இருந்தேன். மடிகணினிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கைபேசித் திரையில் அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அம்மாவும் அதைப் பார்த்தார். "பாரன், இன்னும் நிக்கிறான். ஒண்டும் எழுதாமல் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறான்."

சித்தப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பெட்சீற்றின் தொங்கலை விட்டேன்.

"அம்மா," என்றேன். "அண்ணா செத்துப்போனார்."