துணியோடு எடை

போகிற தெருவிலெல்லாம் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய எடை குறைந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய் நிறுத்துப் பார்க்கிற நர்ஸ் அவள். தோளில் தராசுப் பையும் வாயில் ஓயாத பேச்சுமாக அவள் நுழைந்தால் போதும், வீடு கலகலத்துவிடும். ஆளைப் பார்த்தாலே வீட்டை எடை போட்டுவிடுவேன் என்று அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது. அவள் குடியை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை.

குழந்தையைப் பிறந்த மேனியாக நிறுக்க வேண்டும் என்பது அந்த வேலையின் முதல் பாடம். எடைக்காக மட்டுமில்லை, உடம்பு முழுவதையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க அதுதான் சாக்கு. குறைமாதத்தில் பிறந்த அந்தப் பெண் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்று தாயிடம் அவளே சொல்லியிருந்தாள்.

“நான் வந்தா பாப்பா மேல பொட்டுத் துணி இருக்கக் கூடாது. யாரு என்ன சொன்னாலும் சரி, அவுத்துப் பாக்காம நகர மாட்டேன்.”

தாய் சின்னப் பெண். சரி சரி என்று தலையாட்டினாள்.

அந்த வீடு மூன்றாவது மாடி. மூச்சு வாங்க ஏறிப் போனவளுக்குக் கணவன்காரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டான். கேட்காமலே தண்ணீர் வந்தது. தராசக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

“இப்பதான் அக்கா கண்ணு அசந்தா. ராத்திரி பூரா அழுகை, நாந்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன்” என்றான் அவன்.

துணிக்கு மேல் துணியாகச் சுற்றி, முகம் மட்டும் தெரியக் கட்டிலில் கிடந்தது குழந்தை. தாய் சுவரோரமாக நின்றாள்.

“அப்படியே தூக்கித் தராசுல வைம்மா.”

“துணியோடவா அக்கா?”

“தூங்குற பிள்ளைய எதுக்கு எழுப்பணும்? துணி எடைய நான் கழிச்சுக்கறேன். நேத்தா வந்தேன் இந்த வேலைக்கு?”

கணவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்தன, முழங்கால் வேறு குடைச்சல். எடை ஏறியிருக்கிறது என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது கிண்டல் வேறு.

“தங்கமான புருஷன் கெடைச்சிருக்காரு. நீ எதுக்கும்மா இப்படி உம்முன்னு நிக்கிற?”

அடுத்த எடைக்கு அவள் போவதற்குள் அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டாள். கை எலும்பு உடைந்திருந்தது. முதுகிலும் தொடையிலும் கன்றிப்போன தழும்புகள். எல்லாம் ஒரே நாளில் வந்தவை இல்லை என்றார் டாக்டர், ஆனால் எப்போது வந்தவை என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

குழந்தைகள் நல அதிகாரியின் அறையில் கணவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். அதே மரியாதை, அதே தணிந்த குரல்.

“அக்கா வந்துட்டுப் போன அன்னிக்கே நான் வெளியூர் வேலைக்குப் போயிட்டேன் மேடம். அக்கா பாத்தப்ப பாப்பா நல்லாத்தான் இருந்தா. அவங்களையே கேளுங்க. என் பொண்டாட்டிதான் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுவா. பிள்ளைய எங்கிட்ட குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்.”

அதிகாரி தராசக்காவைப் பார்த்தார். “அன்னிக்கு உடம்புல ஒண்ணும் இல்லையா? நீங்க பாத்தீங்கதானே?”

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தப்பிவிடும். பழி அந்தப் பெண் தலையில் விழும், குழந்தை இவன் கைக்குப் போகும். எவ்வளவு சுலபமான வார்த்தை என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“நான் பாக்கலை மேடம். துணியோட நிறுத்தேன். பாப்பா தூங்குதுன்னு அவரு சொன்னாரு, நான் அவுக்கவே இல்லை.”

கணவன் முதல் தடவையாக அவளை முறைத்துப் பார்த்தான். அந்தப் பார்வையை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், அத்தனை நேரம் எதிரிலேயேதான் நின்றான்.

“இதுக்கு நீங்க பதில் சொல்லியாகணும்” என்றார் அதிகாரி. பிறகு கணவனிடம் திரும்பினார். “நீங்க பிள்ளை பக்கமே போகக் கூடாது. விசாரணை முடியட்டும்.”

வார்டில் தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னக் கையில் பெரிய கட்டு. தராசக்கா கட்டிலோரமாகப் போய் நின்றாள்.

“நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

“அவரு பக்கத்துல நின்னாரே அக்கா. துணிய சுத்தி வைக்கச் சொன்னதே அவருதான். நீங்க அவுக்காம போக மாட்டீங்கன்னு சொன்னீங்கல்ல, அத நம்பிக்கிட்டு நின்னேன். துணியோடவான்னு கேட்டேனே.”

கேட்டாள்தான். அது கேள்வி இல்லை, கெஞ்சல். தராசக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லை என்று தோன்றியது. தெரிந்த வேலையையாவது செய்வோம் என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

“குடும்மா, இப்பவாவது ஒழுங்கா நிறுத்துப் பாக்கறேன்.”

தாய் கோபப்படவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“வேணாம் அக்கா. இப்பதான் நெஜமாவே தூங்குறா.”