ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே

மூன்றாம் மாடியில் கூட்டம் மொத்தமும் இறங்கிய பிறகுதான், மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றவர் தன் வீட்டுக்காரர் என்பதை லிஃப்டக்கா கவனித்தாள். அவரும் அப்போதுதான் இவளைப் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. பாவம், அவர் மேல் தப்பில்லை. பின்பக்கத்துச் சாமான் லிஃப்டைத்தான் அவள் தினமும் ஓட்டுவாள். இன்றைக்கு முன்பக்க லிஃப்டுக்காரி லீவு போட்டு, இவள் அங்கே வந்து நிற்பாள் என்று மனுஷன் கனவா கண்டார்?

"எங்க போறீங்க?"

"சும்மா. எட்டாவது மாடியில ஒரு ஃப்ரெண்ட பாக்கணும்."

"எட்டாவது மாடியில பணம் அனுப்புற ஆபீஸும் தண்ணித் தொட்டியும்தான் இருக்கு. தொட்டிகூட எப்ப சிநேகமானீங்க?"

அவர் கையிலிருந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தப் பை அவளுக்குத் தெரியாதா? மகளின் நர்ஸிங் காலேஜ் பீஸை அதில் முடிச்சுப்போட்டு, பீரோவில் துணிகளுக்கு அடியில் அவள்தானே வைத்திருந்தாள்! திங்கட்கிழமை கட்டாவிட்டால் சீட் போய்விடும். 

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மெயிலால் வந்த வினை. எங்கோ கண்காணாத தேசத்தில் ஓர் இன்ஜினியர் வாரிசு இல்லாமல் செத்துப்போனாராம். கோடிக்கணக்கில் பணம் பேங்கில் தூங்குகிறதாம். எழுதினவன் முதலில் கேட்டதே, "உங்கள் தகப்பனார் பெயர் என்ன?" என்றுதான். இவரும் எழுதிப்போட்டார். அடுத்த மெயிலில், அடேயப்பா, இன்ஜினியரின் தகப்பனாருக்கும் அதே பெயர்! இவர்தான் வாரிசு என்று ஆகிவிட்டது. முதலில் ஃபைல் செலவு என்றான். சேமிப்பு போயிற்று. அப்புறம் வக்கீல் செலவு என்றான். அவள் கழுத்துச் செயின் அடகுக்குப் போயிற்று. இப்போது வரியாம். போன வாரம் அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியபோது, இனிமேல் ஒரு பைசா அனுப்ப மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர் இந்த மனுஷன்தான்.

ஐந்தாம் மாடி தாண்டியதும் லிஃப்டக்கா சாவியைத் திருகினாள். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் நின்றது.

"என்னடி பண்ற?"

"நாலு மணிக்கு ஆபீஸ மூடிடுவான். அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருப்போம்."

"பைத்தியமா உனக்கு? நாலு மணியோட கெடு முடியுதுடி! தொற!"

அவர் கதவைத் தட்டினார், உதைத்தார், செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார். அந்த இரும்புப் பெட்டிக்குள் சிக்னலாவது மண்ணாவது. சுவரில் இருந்த இன்டர்காம் அலறியது. மேனேஜர். "சாவி மாட்டிக்கிச்சு சார், பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்தாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும்.

"நான் யாரு தெரியுமில்ல?" என்றார் அவர். ஆயுசு முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். ஊரே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். "முகத்தப் பாத்தே டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு சொல்லுவேன். என்னையே ஏமாத்த முடியுமா?"

"அவன் முகத்த எங்க பாத்தீங்க? சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கோடி கோடியா வச்சிருக்கறவன் வரிய அதுலேயே கழிச்சிக்கிட்டு மிச்சத்தக் குடுக்க வேண்டியதுதானே? எதுக்கு நம்ம பொண்ணு பீஸு?"

"அதுக்கெல்லாம் சட்டம் இருக்கு. உனக்குப் புரியாது."

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு ஏன் எழுதறான்? நல்ல காரியத்த எவனாவது ஒளிச்சு வச்சுப் பண்ணுவானா?"

வியர்வையில் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

"ரெண்டு தடவ குடுத்தாச்சுடி. இப்ப விட்டா அதுவும் போச்சு. உன் செயின நான் எப்படி மீட்பேன்? வெறும் கழுத்தோட நீ நிக்கறத தெனமும் பாக்கறேனே!"

லிஃப்டக்கா இத்தனை நாள் பேராசை என்றுதான் நினைத்திருந்தாள். போட்டதை எடுக்கப் போய்ப் போய் இன்னும் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு பந்தயம். நாலு மணி தாண்டினப்புறம், கோடி கைவிட்டுப் போச்சுன்னு அவன் எழுதினா, நான் உங்க கால்ல விழறேன். இன்னும் ஒரு நாள் டைம் தரேன்னு எழுதினா அவன் ஃபிராடு. ஒத்துக்கறீங்களா?"

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு "ம்" என்றார்.

நாலு தாண்டியதும் அவள் சாவியைத் திருகினாள். ஆறாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே மேனேஜரும் பெருங்கூட்டமும். பஸ்ஸில் அவரிடம் அபராதம் கட்டின பழைய ஆசாமிகள்கூட இரண்டொருவர் அதில் இருந்தார்கள். அவர் வெளியே கால் வைத்ததும் செல்போன் டிங் என்றது.

அவர் படித்தார். லிஃப்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நாளைக்கு வரைக்கும் டைம் குடுத்திருக்கான்டி! எனக்காக மேலதிகாரிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கினானாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!"

பந்தயமா? அது அவர் நினைவிலேயே இல்லை. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அந்தச் சாவிய இப்படிக் குடும்மா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்று மேனேஜர் கை நீட்டினார். ஒரு கையால் சாவியைக் கொடுத்தாள். இன்னொரு கையால் பையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி!"

"விடுங்க" என்றாள், அவர் காதில் மட்டும் விழும்படி. "இல்லேன்னா செக்கரு எப்படி ஏமாந்தாருன்னு இங்கயே அத்தனை பேருக்கும் கத்திச் சொல்லுவேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிடி தளர்ந்தது.

பையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் படியிறங்கினாள். லிஃப்டில் ஏற இனி அவளுக்கு மனசில்லை. பின்னாலேயே மூச்சு வாங்க இறங்கி வந்தவர், நாலாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, வேலையும் போச்சு. இன்னைக்கு மட்டும் அந்த வரியக் கட்ட விட்டிருந்தா, நீ ஆயுசுக்கும் வேலைக்கே போக வேண்டியிருந்திருக்காது. கோடிய நீதான்டி தொலைச்ச."

மகளின் சீட் பத்திரம். இந்தப் பேச்சை மட்டும் சாகிறவரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க, பாத்து எறங்குங்க" என்றாள்.